நவோதயாவா, குருகுலமா? நான்காம் வகுப்பிலேயே முடிவெடுக்க வேண்டிய நிலையில் தெலங்கானா பெற்றோர்

ஹைதராபாத்: தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த கச்சிபௌலியைத் தாண்டிச் சென்றால், சேரிலிங்கம்பள்ளி மண்டலத்தில் கோபனபள்ளி, கௌலிதொட்டி என்ற இரு ஊர்கள் அருகருகே உள்ளன. கோபனபள்ளியில் இருப்பது மத்திய அரசின் ஜவாஹர் நவோதயா வித்யாலயா. கௌலிதொட்டியில் இருப்பது தெலங்கானா அரசின் சமூக நலத்துறை உறைவிடப் பள்ளி. இங்கே 'குருகுலம்' என்றே மக்கள் அழைக்கின்றனர். இரண்டிலும் தங்குமிடம், உணவு, புத்தகம் இலவசம். இரண்டிலும் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டிலிருந்தும் பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்கும் மருத்துவக் கல்லூரிக்கும் சென்றுள்ளனர்.

மாதக் கூலியில் குடும்பம் நடத்தும் ஒரு பெற்றோருக்கு, அரசே இப்படி இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருப்பது நல்ல செய்திதான். ஆனால், இரண்டு கதவுகளுக்கும் இடையே உள்ள விதிமுறைகள் ஒன்றையொன்று பார்த்துக் கொள்ளாமல் எழுதப்பட்டவை. ஒன்றைத் தட்டினால் மற்றொன்று சாத்தப்பட்டுவிடும் அபாயம் உண்டு.

நவோதயாவில் சேர்க்கை ஆறாம் வகுப்பில். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அதற்கான தேர்வை எழுத வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். மறுமுறை எழுத முடியாது. எந்த மாவட்டத்து நவோதயாவோ, அந்த மாவட்டத்தில் குடியிருந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பைப் படித்திருக்க வேண்டும். இடங்களில் குறைந்தது 75 சதவீதம் கிராமப்புறக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் வர, மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமப்புறப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தக் குழந்தை 'நகர்ப்புற' மாணவராகவே கருதப்படும்.

தெலங்கானா குருகுலங்களில் சேர்க்கை தொடங்குவதோ ஐந்தாம் வகுப்பில். சமூக நலம், பழங்குடியினர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், பொதுக் கல்வி ஆகிய நான்கு உறைவிடப் பள்ளிச் சங்கங்களுக்கும் சேர்த்து நடத்தப்படும் பொது நுழைவுத் தேர்வை, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகின்றனர். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் அது பிப்ரவரியில் நடந்தது.

சிக்கல் இங்குதான் பிறக்கிறது. நான்காம் வகுப்பில் தேர்வெழுதி வெற்றி பெற்ற சிறுமிக்கு நகர்ப்புறத்தில் உள்ள குருகுலத்திலோ, பக்கத்து மாவட்டத்துக் குருகுலத்திலோ இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளை அங்கே சேர்த்தால் முதல் நிலையில் கிராமப்புற ஒதுக்கீடு போய்விடும். இரண்டாவது நிலையில் சொந்த மாவட்ட நவோதயாவுக்கு விண்ணப்பிக்கும் தகுதியே போய்விடும். நவோதயாவை நம்பி ஊர்ப் பள்ளியிலேயே வைத்திருந்தாலோ, அந்தத் தேர்வில் தோற்றால் குருகுலத்தின் ஐந்தாம் வகுப்பு இடம் திரும்பி வராது. மேல் வகுப்புகளில் காலியாகும் இடங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்பது வயதுக் குழந்தைக்காக, அரசாணைகளைப் படித்துப் பழக்கமில்லாத தாயும் தந்தையும் இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போடுவதற்கு நவோதயாவின் எண்கள் துணை செய்வதாயில்லை. ஒரு பள்ளியில் ஆண்டுக்கு அதிகபட்சம் 80 இடங்கள். நாடு முழுவதும் 2024 இறுதியில் 653 பள்ளிகள் இயங்கின. அதாவது அதிகபட்சம் 52 ஆயிரம் இடங்கள். விண்ணப்பிப்போர் 20 லட்சத்துக்கும் மேல். இரண்டு மணி நேரத்தில் 80 கேள்விகள். அவற்றில் பாதி, பாடப் புத்தகத்தில் இல்லாத மனத்திறன் கேள்விகள். இதற்கென்றே சிறு நகரங்களில் பயிற்சி மையங்கள் முளைத்துள்ளன. நவோதயாவில் சேர வருமான வரம்பு ஏதும் இல்லை என்பதால், பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த விவசாயியின் பிள்ளையோடும் ஆசிரியரின் பிள்ளையோடும்தான் கூலித் தொழிலாளியின் பிள்ளை போட்டியிட வேண்டும். குருகுலத் தேர்விலோ, கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம் ரூபாய், நகர்ப்புறத்தில் இரண்டு லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. ஏழையோடு ஏழை மோதும் களம் அது.

இந்த வேறுபாட்டுக்கு வேர், இரு திட்டங்களும் பிறந்த கதையில் இருக்கிறது.

1971 நவம்பரில், அப்போதைய ஆந்திரப் பிரதேச முதல்வர் பி.வி. நரசிம்ம ராவ், நல்கொண்டா மாவட்டம் சர்வேலில் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். கிராமத்தில் முளைக்கும் திறமையைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் கொண்டு வந்து வளர்ப்பது அதன் நோக்கம். 1985இல் ராஜீவ் காந்தி அமைச்சரவையில் மனிதவள மேம்பாட்டுத் துறை அவரிடம் வந்தபோது, அதே எண்ணம் மாவட்டத்துக்கு ஒரு நவோதயா என்று தேசிய அளவில் விரிந்தது. முதல் இரு பள்ளிகள் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் தொடங்கப்பட்டன.

சமூக நலக் குருகுலங்களுக்கு வேறொரு தந்தை. 1980களில் என்.டி. ராமராவ் ஆட்சியில் சமூக நலத்துறையின் பொறுப்பில் இருந்தவர், தமிழகத்தில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன். கொத்தடிமை ஒழிப்புக்காக ஊர் ஊராக அலைந்த அவருக்கு, திறமையைப் பொறுக்கி எடுப்பது முதல் வேலையாகத் தெரியவில்லை. பண்ணையில் மாடு மேய்க்கும் தலித் சிறுவனுக்குக் கூரையும் சோறும் எழுத்தும் கொடுப்பதே முதல் வேலையாகத் தெரிந்தது. பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்த அவர் 2010இல் காலமானார். தெலுங்கு மாநிலங்களுக்கு வெளியே அந்தப் பெயர் இன்று அதிகம் நினைக்கப்படுவதில்லை.

இருவர் எண்ணமும் சந்தித்த இடம் என்று கௌலிதொட்டியைச் சொல்லலாம். ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ். பிரவீண் குமார் 2012 முதல் 2021 வரை சமூக நலக் குருகுலங்களின் செயலராக இருந்தபோது, அவற்றின் மீதான பார்வையே மாறியது. 2014 மே 25 அன்று, 14 வயது நிறைவதற்குள் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய மலாவத் பூர்ணா ஒரு குருகுல மாணவிதான். கௌலிதொட்டி, கரீம்நகரை அடுத்த அலுகுனூர் ஆகிய இடங்களில் உள்ள சிறப்பு மையங்களுக்கு, ஒன்பதாம் வகுப்பில் தனித் தேர்வு வைத்து மாணவர்கள் எடுக்கப்படுகின்றனர். ஆக, ஐந்தாம் வகுப்பில் குருகுலத்தைத் தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு இன்னொரு படிக்கட்டு எஞ்சியிருக்கிறது.

அமெரிக்காவிலும் இத்தகைய தேர்வுப் பள்ளிகள் ஓயாத சர்ச்சையில் உள்ளன. நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் போன்ற பள்ளிகளுக்கு ஒற்றைத் தேர்வைக் கட்டாயமாக்கிய சட்டம், சர்வேல் தொடங்கிய அதே 1971இல் இயற்றப்பட்டது. ஆனால் அங்கே தேர்வெழுதும் பிள்ளைக்கு ஏறக்குறைய 13 வயது ஆகியிருக்கும். மாலையில் வீடு திரும்பவும் செய்யும்.

வீட்டைப் பிரிவதுதான் இங்கே பெற்றோர் அதிகம் பேசும் விஷயம். குருகுலங்களில் பெண்களுக்குத் தனிப் பள்ளிகள். நவோதயா இருபாலர் பள்ளி. பெண் பிள்ளையைப் பெற்ற பல குடும்பங்களில் இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. நவோதயாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் 30 சதவீதம் பேர், ஹிந்தி பேசும் மாநிலப் பள்ளிக்கு ஓராண்டு அனுப்பப்படுவர். சிலருக்கு அது வாய்ப்பு, சிலருக்கு அச்சம். குருகுலங்கள் மீதான புகார் வேறு வகை. 2024இல் பல உறைவிடப் பள்ளிகளில் உணவு நச்சாகிக் குழந்தைகள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அந்த ஆண்டு இறுதியில் மாநில அரசு உணவுப்படியை 40 சதவீதம் உயர்த்தியது. அதன் பிறகும் ஏழாம் வகுப்பு வரையிலான ஒரு குழந்தைக்கு மாதம் 1,330 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 45 ரூபாய்கூட இல்லை. தெலங்கானாவில் எல்லா வகை உறைவிடப் பள்ளிகளும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்ட நிலையில், கட்டடமும் சமையலறையும் அதே வேகத்தில் வளரவில்லை.

நாடாளுமன்றத்தில் இந்த விவகாரம் எண்ணிக்கைக் கணக்காகவே எழுப்பப்பட்டு வந்துள்ளது. பத்து மாவட்டங்கள் 33 ஆகப் பிரிக்கப்பட்ட பிறகும் தெலங்கானாவில் நவோதயாக்கள் ஒன்பதாகவே இருந்தன. புதிய மாவட்டங்களுக்கும் பள்ளி வேண்டும் என்று இம்மாநில உறுப்பினர்கள் மக்களவையில் பலமுறை கோரினர். 2024 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 28 புதிய நவோதயாக்களில் ஏழு தெலங்கானாவுக்குக் கிடைத்தன. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022 வரை எம்.பி.க்களுக்குத் தலா 10 இடங்களுக்குப் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது. நவோதயாவில் அத்தகைய சிபாரிசுக்கு இடமில்லை. அதனால்தானோ என்னவோ, உறுப்பினர்கள் பள்ளியைக் கேட்கும் அளவுக்கு அதன் விதிகளைப் பற்றிக் கேட்பதில்லை.

தமிழகத்தில் நிலைமை வேறு. மும்மொழித் திட்டத்தைக் காரணம் காட்டி நவோதயாவை ஏற்காத ஒரே மாநிலம் அது. புதுச்சேரி, காரைக்காலில் அப்பள்ளிகள் உண்டு. தமிழக அரசு 2021-22 முதல் மாவட்டங்களில் உறைவிட மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கியது. நவோதயா வழக்கில் 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்திய, மாநில அரசுகள் கலந்து பேச வேண்டும் என்று கூறியது. நவோதயா வருமானால், எந்த வகுப்பில் எந்தப் பள்ளி என்ற இதே கேள்வி அங்கும் எழும்.

ஹைதராபாத் மாவட்டத்துக்குள் வசிக்கும் ஏழைகளுக்கு இந்தத் தேர்வுச் சிக்கலே இல்லை. மாவட்டம் முழுவதும் நகர்ப்புறம் என்பதால் ஹைதராபாத் மாவட்டத்துக்கு நவோதயா கிடையாது. புதிய ஏழில் ஒன்று பக்கத்து மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்துக்கு வந்தாலும், ஹைதராபாத் மாவட்டத்துக்குள் வசிக்கும் குழந்தை அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஆட்டோ ஓட்டுநரும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்காகச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்டு மீ சேவா மையத்தில் விண்ணப்பிப்பது குருகுலம் ஒன்றை நம்பித்தான்.