மீட்டர் மாட்டியாச்சு... ஆனா அடுப்பு எரியலையா? குழாய் கேஸ் திரும்ப வர என்ன நடக்கணும்?

சமையலறையைப் புதுப்பிக்கும்போது, பில் பாக்கி விழும்போது, ரீடிங் தப்பாகக் காட்டுகிறது என்று புகார் போகும்போது எனப் பல காரணங்களுக்காக வீட்டின் குழாய் கேஸ் மீட்டரைக் கழற்றுவார்கள். வேலை முடிந்து மீட்டர் மறுபடி சுவரில் ஏறியதும், 'அப்பாடா, மத்தியானம் சமைச்சிடலாம்' என்று நினைத்தால் பல வீடுகளில் ஏமாற்றம்தான். மீட்டரை மாட்டுவது ஒரு வேலை, கேஸைத் திறந்துவிடுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் வரும் இடங்களில், நடுவே ஓரிரு நாள் கூட ஓடிவிடும்.

'மீட்டர்தான் வந்துடுச்சே, வால்வைத் திருப்பினா போதாதா?' என்ற கேள்வி வருவது அந்த இடைவெளியில்தான். சிலிண்டரை நாமே மாற்றிப் பழகிய கைகளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இதைச் செய்யவே கூடாது.

நாமே திறந்தால் என்ன ஆகும்?

மீட்டரைக் கழற்றியதுமே வீட்டுக்குள் இருக்கும் பைப்பில் காற்று புகுந்துவிடும். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். இது காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். அதற்குக் கீழே எரியாது, மேலேயும் எரியாது. வழக்கமான நாட்களில் பைப்புக்குள் முழுக்க கேஸ்தான் இருக்கும், காற்று இருக்காது. அதனால் உள்ளே தீ பரவ வழியில்லை.

மீட்டர் கழற்றி மாட்டிய பிறகு நிலைமையே வேறு. முதல் தடவை கேஸ் உள்ளே வரும்போது, பைப்புக்குள்ளேயே காற்றும் கேஸும் கலந்த அந்த அபாயக் கலவை சிறிது நேரம் இருக்கும். அந்த நேரத்தில் லைட்டரைத் தட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்காகவே முதலில் காற்றை வெளியேற்றுகிறார்கள். ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்போ சுவிட்ச் போடுவதோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, பைப்பில் உள்ள காற்று முழுவதும் போகும்வரை கேஸை மெதுவாக விடுவார் டெக்னீஷியன். அதன் பிறகுதான் பர்னரைப் பற்றவைப்பார்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை

காற்றை வெளியேற்றுவதற்கு முன்பு பைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைப்பை மூடி, உள்ளே அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியை மாட்டிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். முள்ளோ எண்ணோ கொஞ்சம் இறங்கினாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பிறகு மீட்டரின் இரண்டு பக்க இணைப்பு, வால்வு, அடுப்புக்குப் போகும் டியூப் என ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் அந்த மூட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

வந்த டெக்னீஷியன் இதை எதுவும் செய்யாமல், வால்வைத் திருப்பிவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். "சோப்புத் தண்ணி போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேட்பதில் தப்பே இல்லை.

மாடுலர் கிச்சன் போட்ட வீடுகளில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். வெளியே தெரிந்த பைப்பை அழகுக்காக அலமாரிக்குள் மறைத்திருப்பார்கள். தச்சர் அடித்த திருகு ஒன்று பைப்பை உரசியிருக்கலாம். வால்வு இழுப்பறைக்குப் பின்னால் போயிருக்கலாம். கை எட்டாத வால்வு, காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் பைப் என்றெல்லாம் இருந்தால் கேஸைத் திறக்க டெக்னீஷியன் மறுக்கலாம். கோபப்பட வேண்டாம், அவர் செய்வது சரிதான். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே ஏறி, கூரைப் பக்கமோ மூடிய அலமாரியின் மேல் பகுதியிலோ தேங்கும். எல்பிஜி கனமானது, தரையில் படியும். அதனால் சிலிண்டருக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளை போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மேலே வென்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும்.

வால்வு திறந்தும் கேஸ் வரலையா?

பல வீட்டு ரெகுலேட்டர்களில் ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. அழுத்தம் ரொம்பக் குறைந்தாலோ கூடினாலோ அது தானாக மூடிக்கொள்ளும். சப்ளை நின்று திரும்ப வந்தாலும், கையால் விடுவித்தால்தான் திறக்கும். 'மீட்டர் கோளாறு' என்று வரும் புகார்களில் சில உண்மையில் இந்தப் பூட்டுதான். நீங்களே நோண்ட வேண்டாம், வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குச் சொன்னால் போதும்.

புது அடுப்பு வாங்கியிருந்தால்?

கிச்சனோடு அடுப்பையும் மாற்றியவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். கடையில் கிடைக்கும் அடுப்புகளில் பெரும்பாலானவை எல்பிஜிக்கானவை. எல்பிஜி அடுப்புக்கு வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார், குழாய் கேஸுக்குச் சுமார் 21 மில்லிபார். அதோடு, ஒரே அளவு எல்பிஜி வாயுவில் இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பம் இருக்கிறது. அதனால் குழாய் கேஸுக்குப் பெரிய துளை உள்ள ஜெட் வேண்டும். அதை மாற்றாவிட்டால் தீ சுருங்கி எரியும், சோறு வேக ஒரு யுகம் ஆகும். தீ நீலமாக எரிகிறதா என்று டெக்னீஷியன் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மஞ்சள் தீயோ பாத்திரத்தில் கரியோ வந்தால் ஏதோ சரியில்லை.

கையெழுத்துப் போடும் முன்

பணம் போகிற இடம் இது. கழற்றிய அன்று மீட்டரில் இருந்த ரீடிங், மாட்டிய அன்று இருக்கும் ரீடிங், மீட்டரின் வரிசை எண் மூன்றையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். வேறு மீட்டர் வந்திருந்தால் இது இன்னும் முக்கியம். பழைய மீட்டரின் எண்ணையும் புது மீட்டரின் எண்ணையும் கழித்துக் கணக்குப் போட்டால், எரிக்காத கேஸுக்கு பில் வரும். வேலைச் சீட்டில் இந்த எண்கள் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மீட்டரில் சீல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னாளில் சீல் இல்லை என்று யாராவது வந்து சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அடுத்த சில மணி நேரம் மூக்கு கவனமாக இருக்கட்டும். இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது, கசிவு தெரிவதற்காகவே அழுகிய முட்டை போன்ற நெடியைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வை மூடுங்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு பில்லில் உள்ள நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைக்கணும். 1906 என்பது எல்பிஜி கசிவுக்கான எண். குழாய் கேஸுக்கு அந்தந்த நிறுவனத்தின் எண்தான், அதை இன்றைக்கே மொபைலில் சேமித்து வையுங்கள்.

ஆள் வரவே இல்லையென்றால்?

முதலில் பாக்கி இருக்கிறதா, மறு இணைப்புக் கட்டணம் கட்டியாச்சா என்று பாருங்கள், சில நேரம் தாமதம் அங்கேதான் இருக்கும். அது சரியென்றால் நிறுவனத்திடம் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். போனில் 'நாளைக்கு வந்துடுவாங்க சார்' என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை, புகார் எண்தான் ஆதாரம். அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்நிலை அதிகாரிக்கு எழுதலாம். இந்தத் துறையை மேற்பார்வையிட, 2006ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் சொல்லலாம். ஆள் வரும் தேதி உறுதியானதும், பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பது அவசியம். பூட்டிய வீட்டுக்குக் கேஸைத் திறந்துவிட்டுப் போக மாட்டார்கள்.