கொழுந்தெடுப்போரின் மூட்டு நோவும் இயன்மருத்துவமும்



தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் தம் இடுப்பு நோவைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் அதனை ஒரு நோயென்று சொல்வதில்லை. மழையும் குளிரும் அட்டைக்கடியும் போல அதுவும் மலையோடு கூடப் பிறந்தது என்றே சொல்வார். கூடை சுமந்தால் இடுப்பு நோகத்தானே செய்யும் என்ற பேச்சு ஹட்டன், நுவரெலியாப் பகுதி லயங்களிலே அன்றாடம் கேட்கக் கூடியது. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதன் பின்னர் எத்தனையோ தலைமுறைகள் இப்பேச்சைத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றுள்ளன. இதில் பாதி உண்மை, பாதி தவறு. வேலையினால் நோவு வருகின்றது என்பது உண்மை. ஆதலால் அதற்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது தவறு. இத்தவறான பாதியைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

முதலில் நோவு எங்ஙனம் உண்டாகின்றது எனப் பார்ப்போம். மலையிலே பாறையைப் புரட்டுவோர் அலவாங்கைப் பயன்படுத்துவர். அலவாங்கின் குட்டையான பக்கம் பாறையை அண்டியிருக்கும். நீண்ட பக்கம் நம் கையில் இருக்கும். அதனாலன்றோ சிறிய பலத்தால் பெரிய பாறையைப் புரட்ட முடிகின்றது! மனித முதுகிலோ இந்த ஏற்பாடு தலைகீழாக அமைந்துள்ளது. முதுகை நிமிர்த்தும் தசைகள் முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்றிமீற்றர் தூரத்திலேயே நின்று இழுக்கின்றன. குனிந்து, கையை நீட்டி, 50 சென்றிமீற்றர் தூரத்தில் 20 கிலோ பாரத்தைத் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அத்தசைகள் இழுக்க வேண்டிய பலமோ 200 கிலோவுக்குச் சமமாகின்றது. குனிந்த உடலின் சொந்தப் பாரம் இதற்கு வேறு. கவ்வாத்து வெட்டுவோரும், முள்ளுக் குத்துவோரும், உர மூட்டை தூக்குவோரும் நாள் முழுவதும் இந்தத் தலைகீழ் அலவாங்கினாலேயே வேலை செய்கின்றனர்.

கொழுந்தெடுக்கும் பெண்களின் நிலை சற்று வேறானது. கூடையின் கயிறு தலையிலே தங்குகின்றது. பாரம் முதுகிலே தொங்குகின்றது. இழுபடும் தலையை நேராக நிறுத்தக் கழுத்துத் தசைகள் ஓயாமல் இறுகி நிற்கின்றன. பின்புறம் சாயாதிருப்பதற்காக உடல் முன்னே வளைகின்றது. பிரம்புக் கூடை மறைந்து இலேசான பை வந்துவிட்ட தோட்டங்களிலும், கயிறு தலையில் இருக்கும்வரை கணக்கு மாறுவதில்லை. நாளொன்றுக்குப் 18 கிலோ அளவிலான கொழுந்து எதிர்பார்க்கப்படும் தோட்டங்கள் பல. மழை நாளில் இலையோடு நீரும் சேர்ந்து வருகின்றது. மடுவத்துத் தராசிலே ஈரத்திற்கென்று சில கிலோ கழிப்பது வழக்கம்; கழுத்தோ எதனையும் கழித்துக்கொள்வதில்லை.

நேபாள நாட்டிலே தலைக்கயிற்றில் பாரம் சுமக்கும் கூலியாளர் தம் உடல் எடைக்கு ஏறத்தாழ நிகரான சுமையுடன் மலையேறுவதையும், அவ்வாறு சுமப்பதில் அவர்கள் செலவிடும் சக்தி வியக்கத்தக்க அளவு குறைவு என்பதையும் ஆராய்ச்சியாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனைக் கொண்டு, தலைக்கயிறு நல்லதே என வாதிப்போர் உளர். சக்தி குறைவாகச் செலவாவது வேறு. மூட்டுத் தேயாதிருப்பது வேறு. இலாபமாக ஓடும் வண்டியின் அச்சாணியும் தேயத்தான் செய்யும்.

இனி இயன்மருத்துவத்திற்கு வருவோம். ஆங்கிலத்தில் பிசியோதெரபி என வழங்குவதையே இலங்கையில் நாம் இவ்வாறு சொல்கின்றோம். மருந்தையும் சத்திர சிகிச்சையையும் முதன்மையாகக் கொள்ளாது, அசைவு, தேகாப்பியாசம், கையாற் செய்யும் சிகிச்சை, சூடு, குளிர் முதலியவற்றால் தசையையும் மூட்டையும் தம் தொழிலுக்கு மீட்பது இதன் நோக்கம். சுவீடன் நாட்டிலே லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் தேகாப்பியாசத்திற்கென ஒரு நிறுவனத்தை நிறுவினார். இலண்டனிலே நான்கு தாதியர் 1894ஆம் ஆண்டில் இத்தொழிலுக்கெனச் சங்கம் அமைத்தனர். உலகப் போர்களிற் காயமுற்றோரும் இளம்பிள்ளை வாதத்தால் வாடிய குழந்தைகளும் இதனை வளர்த்தனர் எனலாம். இன்று நம் நாட்டிலே பேராதனைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் இஃது ஒரு பட்டப் படிப்பாகும்.

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி எழுப்புவீர்கள். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மலையேறி இறங்கும் பெண்ணுக்குத் தேகாப்பியாசம் எதற்கு? அவள் செய்யாத அப்பியாசமா? நியாயமான கேள்வியே. ஆயின் வேலையும் அப்பியாசமும் ஒன்றல்ல. வேலை உடலை ஒரே திசையில் ஆயிரம் முறை வளைக்கின்றது. கொழுந்தெடுப்பவள் முன்னே குனிகின்றாள். பின்னே வளைவதே இல்லை. விரல்களை மடக்கிக் கிள்ளுகின்றாள், விரித்து நீட்டுவதில்லை. தலை முன்னே துருத்தி நிற்கின்றது, பின்னே செல்வதில்லை. இயன்மருத்துவரின் அப்பியாசமோ வேலை மறந்துவிட்ட திசையில், அளவோடு, எண்ணிக்கையோடு செய்யப்படுவது. வேலையிலே பாரத்தின் அளவைத் தீர்மானிப்பது நம் தசையன்று. அப்பியாசத்திலே தசையின் வலுவறிந்து பாரம் கூட்டப்படுகின்றது. இந்த வேற்றுமை விளங்கிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலுள்ள தவறு ஓய்வு பற்றியது. இடுப்புப் பிடித்துவிட்டால் பத்து நாள் பாயிலே கிடக்க வேண்டுமென்பது நம்மிடையே வேரூன்றிய கருத்து. முற்காலத்து வைத்தியர்களும் அவ்வாறே கூறினர். பின்லாந்து நாட்டுத் தலைநகரிலே 186 ஊழியர்களை மூன்று பிரிவாக்கி இதனைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையிற் கிடந்தனர். ஒரு பிரிவினர் அப்பியாசம் செய்தனர். மூன்றாம் பிரிவினர் நோவு இடங்கொடுத்த அளவுக்குத் தம் வழக்கமான அலுவல்களைப் பார்த்தனர். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, விரைவில் தேறியவர் மூன்றாம் பிரிவினரே. அதாவது, புதிதாக இடுப்புப் பிடித்த அந்த நாட்களில் அப்பியாசமும் அவசரமன்று. மெல்ல நடமாடுவதே மருந்து. மூட்டின் குருத்தெலும்புக்கு நேரடியான இரத்தக் குழாய் கிடையாது என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நீரிலே பஞ்சை அமுக்கி விடுவது போல, அசைவினால் அமுங்கி விரியும்போதே அதற்கு உணவு செல்கின்றது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

ஆனால் நாட்கூலிக்கு உழைப்பவரிடம் மெல்ல நடமாடுங்கள் என்று சொல்வது எத்துணை எளிது! கொழுந்துமலையிலே மெல்ல என்ற சொல்லுக்கு இடமில்லை. மலைக்குப் போனால் முழுப் பேர். இல்லையேல் லயத்துப் பாய். இரண்டுக்கும் இடையே பத்து நாளைக்கு இலகுவான வேலை தருவது தோட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளது. அது வைத்தியத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகின்றேன். நாளில் நிறுவைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், ஒவ்வொரு முறையும் சுமக்கும் பாரம் குறையும். இதற்குச் செலவும் அதிகமில்லை.

இனி நோவுகள் ஒவ்வொன்றாக. இடுப்பு நோவுக்கு, கூடையை இறக்கி வைத்த உடனே இரு கைகளையும் இடுப்பிற் பதித்து, முழங்காலை மடக்காது, மெல்லப் பின்னே வளைந்து நிமிர்தல் நன்று. பத்து முறை போதும். மடுவத்தில் தராசுக்குக் காத்து நிற்கும் நேரமே இதற்குப் போதிய நேரம். இரவிலே மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்திச் சற்று நிறுத்தி இறக்குதல் முதுகுக்கும் பின்தொடைக்கும் வலுத்தரும். கழுத்துக்கு, நேராக அமர்ந்து, மேலுங்கீழும் பாராது, தாடையைப் பின்னோக்கி இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல் வேண்டும். தலையைச் சுழற்றுவதும், நெட்டி முறிப்பதும், முடி திருத்துமிடத்தில் கழுத்தைச் சொடுக்குவிப்பதும் வேண்டாதவை.

முழங்கால் நோவு ஏற்றத்தினும் இறக்கத்திலேயே மிகுதி. இறங்கும்போது உடலின் பாரம் முழுவதையும் முன்தொடைத் தசை தடுத்துத் தாங்குகின்றது. அது சோர்ந்தால் அடி மூட்டில் விழுகின்றது. என் பாடசாலையிலே பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார் பிள்ளைகளின் வாங்கிலிருந்து எழும்போது மேசையைப் பற்றிக்கொண்டே எழுவதைக் காண்கின்றேன். அவர்களுட் பலர் நாற்பதைத் தாண்டாதவர். கையூன்றாது வாங்கிலிருந்து எழுந்து அமர்தல் அந்தத் தசைக்கு ஒரு சோதனை; அதுவே பயிற்சியுமாகும். உயரமான இருக்கையிலே தொடங்கி, நாளுக்கு நாள் தாழ்ந்த இருக்கைக்கு வரலாம். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து அமுக்குவது அதனினும் எளிது. செங்குத்தான பாதையிலே நேரே இறங்காது சரிவாக இறங்குவதும், கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்வதும் வெட்கப்பட வேண்டியவை அல்ல.

கட்டைவிரலடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வரும் நோவு கொழுந்து கிள்ளுவோர்க்கு நேரக்கூடியது. கட்டைவிரலை அசைக்கும் நார்கள் செல்லும் உறை தடித்து நெருக்குவதால் இது வருகின்றது. சுவிற்சர்லாந்து நாட்டுச் சத்திர வைத்தியர் டி குவர்வேன் இதனை 1895ஆம் ஆண்டில் விவரித்தார். இதற்குத் தைலம் பூசி அழுத்தி உருவுதல் தீங்கே செய்யும். கட்டைவிரலுக்குச் சில வாரம் தாங்கு கட்டை கட்டி ஓய்வு தருதலே முறை. அப்பியாசம் பின்னரே. இரவிலே கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுவோர்க்குள்ளது வேறு நோய். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதே அதன் காரணம். அதனை வைத்தியரிடம் காட்டுக.

தோள் இறுகிப் போவது நீரிழிவுள்ளோரிடம் அதிகம். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைத் தொங்கவிட்டு மணியின் நாக்குப் போல ஆட்டுவதும், சுவரிலே விரல்களால் படிப்படியாக ஏறுவதும் உதவும். மாதக் கணக்கிற் பொறுமை வேண்டும்.

நம் வழக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். காலால் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு நீங்குமென்று நம்புவோர் இன்னும் உள்ளனர். தானாகவே சில வாரங்களில் பெரும்பாலும் நீங்கிவிடும் நோவுக்கு, மிதித்தவருக்குப் புகழ் கிடைக்கின்றது, அவ்வளவே. இறுகிய தசைக்கு வெந்நீர் ஒற்றடம் நல்லது. புதிதாகச் சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்கு அது கூடாது. குளிர்ந்த நீர்த்துணியே ஏற்றது. சுளுக்கிய காலால் நான்கடி எடுத்து வைக்க இயலாவிடின் சுளுக்கு வழிப்பவரிடம் செல்லாது எக்ஸ்ரே எடுக்கச் செல்லுங்கள். கடையிலே வாங்கும் வலி மாத்திரையை வெறுவயிற்றில் தேநீரோடு நாள்தோறும் விழுங்குவோர் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விலைக்கு வாங்குகின்றனர். இடுப்புப் பட்டியும் பாரம் கட்டி இழுத்தலும் நாட்பட்ட இடுப்பு நோவுக்கு வேண்டாமென உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் கூறியுள்ளது. அப்பியாசமும், நோவைப் பற்றிய தெளிவும் அது பரிந்துரைத்தவற்றுள் அடங்கும். வைத்தியசாலைக்குச் சென்று கரண்ட் பிடித்து வந்தேன் என்று சொல்லும் சிலர், சொல்லிக் கொடுத்த அப்பியாசத்தை மறந்துவிடுகின்றனர். எந்திரம் தரும் சுகம் அன்று மாலையோடு போய்விடும்.

சில குறிகள் கண்டால் அப்பியாசத்தை விட்டு உடனே வைத்தியரை நாட வேண்டும். காலில் வலுவிழத்தல், இருப்பிடத்தைச் சுற்றி மரத்தல், சிறுநீர் தடைப்படுதல் அல்லது அடக்க முடியாமற் போதல் ஆகியன முள்ளந்தண்டில் நரம்புகள் நசுங்குவதன் அடையாளங்கள், நாள் கடத்தலாகாது. காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு நோவு காசநோயாகவும் இருக்கலாம்.

அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவப் பிரிவு இருப்பது வழக்கம். நுவரெலியாவில் உள்ளது மாவட்டப் பொது வைத்தியசாலை. ஹட்டனுக்கு அண்மையில் டிக்கோயா ஆதார வைத்தியசாலை உண்டு. இந்திய உதவியுடன் கட்டிய அதன் 150 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம் 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. தோட்டத்து மருந்தகத்திலோ வெளிநோயாளர் பிரிவிலோ காட்டி, அங்கிருந்து அனுப்பும்படி கேட்கலாம். பலமுறை செல்ல வேண்டியிருக்கும் என்பதே இடர். ஒவ்வொரு முறையும் ஒரு பேர் போகும். ஆதலால் முதல் முறையே, வீட்டில் செய்வதற்குரிய அப்பியாசங்களைத் தாளில் படமாக வரைந்து தரும்படி கேளுங்கள். தமிழில் விளக்க ஆளில்லாவிடின் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்று பாடசாலைக்கு வராமற்போனதற்கு அதிபர்கள் கோபிக்க மாட்டோம். வைத்தியரிடம் நோகின்றது என்று மட்டும் சொல்லாது, எந்த வேலையில், நாளின் எந்த நேரத்தில், எத்தனை மாதமாக என்று சொல்லுங்கள். கூடைக் கயிறு தலையில் தங்கும் இடத்தையும் கையால் தொட்டுக் காட்டுங்கள். வீட்டில் அப்பியாசம் செய்த மறுநாட்காலை நோவு முன்னினும் மிகுந்திருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மிகாதிருந்தால் இரண்டொன்று கூட்டுங்கள். ஆறு வாரத்துக்குள் மாற்றம் தெரியாவிடின் அதே தாளை எடுத்துக்கொண்டு மறுபடி செல்லுங்கள்.