காரா, விமானமா? கணக்கில் விட்டுப்போன ஒரு வரி

சென்ற ஆண்டு சென்னையில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். திருக்கோஷ்டியூரிலிருந்து அவுக, நான், மகள், அயித்தை என நாலு பேர் போகவேண்டும். காரைக்குடியில் புறப்படும் பல்லவன் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. "அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. மதுரை போய் விமானத்தில் போவோமே" என்றாள் மகள். பால் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

கார்: போகவர 840 கிலோமீட்டர். எங்கள் வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கும். 56 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் வீதம் 5,600. சுங்கச்சாவடிகளுக்கு 1,100, வழிச் சாப்பாட்டுக்கு 1,300. ஆக 8,000 ரூபாய்.

விமானம்: அன்றைக்கு ஒரு வழிக்கு ஆளுக்கு 4,000. நாலு பேருக்குப் போகவர 32,000. இரண்டு ஊரிலும் வாடகைக் காருக்கு 5,000. ஆக 37,000!

நேரமாவது மிச்சமா? மதுரை விமான நிலையத்துக்கு 2 மணி, அங்கே காத்திருப்பு 2 மணி, பறப்பது ஒண்ணேகால் மணி, பெட்டியை வாங்கி வீடு சேர ஒண்ணரை மணி. காரில் போனால் ஏழரை மணி. முக்கால் மணிக்காக 29,000 ரூபாயா? போதாததற்கு, பெரும்பாலான உள்நாட்டுச் சீட்டுகளில் பெட்டிக்கு ஆளுக்கு 15 கிலோதான். சீர்ப் பாத்திரத்தையும் பலகாரத்தையும் எதில் வைப்பது?

காரிலேயே போனோம். சுகமாகத்தான் இருந்தது. திரும்பும்போதுதான் புத்தி கெட்டது. தங்கினால் செலவு என்று, கல்யாண வேலையில் ரெண்டு நாள் கண் மூடாத அவுகளே ராத்திரி வண்டியை எடுத்தாக. விடியற்காலை 4 மணி, விராலிமலை தாண்டி வண்டி மெல்ல ஓரம் சாய்ந்தது. "ஏப்பா!" என்று அயித்தை போட்ட சத்தத்தில்தான் அவுக கண் திறந்தாக. நல்லவேளை, மண்ணில் இறங்கி நின்றது.

டீக்கடையில் உட்கார்ந்தபோது அயித்தை கேட்டாக: "எல்லாம் எழுதினியே ஆத்தா, தூக்கத்தை எழுதினியா?"

இப்போது என் கணக்கே வேறு. டிரைவருக்கு இரண்டு நாளைக்கு 2,000, டயர், ஆயில் தேய்மானத்துக்கு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வீதம் 4,200. ஆக கார்ச் செலவு 14,200. அப்படியும் நாலு பேருக்குக் காரே லாபம். ஒருவர் மட்டும் போனால் விமானத்துக்கு 13,000தான். அப்போது அதுவே மேல். டெல்லி மாதிரி 2,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வழியில் மூன்று ராத்திரி தங்கவேண்டும். பிள்ளை குட்டி, வயசானவர்களோடு அதற்கு விமானம்தான் சரி.

காரில் போகிறவர்களுக்கு: விடியற்காலை 2 முதல் 5 வரை வண்டி ஓட்டவே வேண்டாம், உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம் அது. இரண்டு மணிக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கி நடங்கள், கால் வீங்காது. போகும் வழியில் கழிப்பறை இருக்குமோ என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

சகோதரிகளே, பயணக் கணக்கு போடும்போது பெட்ரோலுக்கு முன்னால், ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.