லண்டன் – பாரிஸ்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சில வருடங்களுக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக லண்டன் போயிருந்தேன். ஒருநாள் காலை 11 மணிக்கு பாரிஸில் மீட்டிங். ஹீத்ரோவிலிருந்து விமானம் 8 மணிக்கு. இணையத்தில் தேடினால் பயண நேரம் 1 மணி 20 நிமிடம் என்று வந்தது. 9.20-க்கு இறங்கிடலாம், நிதானமா காபி குடிச்சிட்டே போகலாம் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்தபோது மீட்டிங் பாதி முடிந்திருந்தது. விமானம் தாமதமே இல்லை. தப்பு என் கணக்கில்தான்.

எங்கே தப்பு என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் தூரம். ஹீத்ரோ, சார்ல்ஸ் டி கோல் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து ஹேவர்சைன் சூத்திரத்தில் போட்டால் சுமார் 347 கி.மீ. வருகிறது. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்றால் 26 நிமிடம்தான் ஆகணும். அப்புறம் ஏன் 1.20?

காரணம், அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்ததுமே கணக்கு ஆரம்பம். அங்கே போய் நிறுத்தும்போதுதான் முடிவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் சேரும். தவிர, 30,000 அடியிலிருந்து இறங்க வேண்டுமென்றால் சுமார் 170 கி.மீ. முன்பே ஆரம்பிக்கணும். ஏறவும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வேண்டும். 347 கி.மீ.யில் முழு வேகத்தில் போக இடமே இல்லை.

இரண்டாவது, கடிகாரம். பாரிஸ் லண்டனைவிட 1 மணி நேரம் முன்னால். நான் இறங்கியது அங்கே 10.20! திரும்பி வரும்போது இதுவே தலைகீழ்: 10 மணிக்குக் கிளம்பி 10.20-க்கு வந்துவிடுவது போலத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு நகரங்களுக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் சுமார் இரண்டரை டிகிரிதான். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் கணக்கில் 10 நிமிடம். 1911-இல் பிரான்ஸ் கிரீன்விச் நேரத்துக்கு மாறியது. ஆனா சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரே கிடையாது. 'பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது' என்று எழுதிக்கொண்டார்கள்! 1940-இல் ஜெர்மனி ஆக்கிரமித்தபோது பெர்லின் நேரம் வந்தது. போர் முடிந்து ஜெர்மானியர்கள் போனார்கள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் போகவில்லை.

மூன்றாவது, இறங்கிய பிறகு ஆகும் நேரம். பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லாததால் பாஸ்போர்ட் வரிசை உண்டு. அங்கிருந்து நகரத்துக்கு இன்னும் 25 கி.மீ., அதற்கு ஒரு ரயில். சேர்த்துப் பார்த்தால் 11 மணி மீட்டிங்குக்கு நான் எப்படிப் போயிருக்க முடியும்?

இதே ஊருக்கு யூரோஸ்டார் ரயிலில் போனால் வேகமான வண்டி 2 மணி 16 நிமிடம். விமானத்தைவிட மெதுவாகத் தெரியும். ஆனா அது நகரத்துக்குள்ளே ஏற்றி நகரத்துக்குள்ளேயே இறக்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையும் லண்டனில் ஏறும் முன்பே முடிந்துவிடும்.

இப்போதெல்லாம் 'பயண நேரம்' என்று எண்ணைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: எங்கிருந்து எங்கே? எந்த ஊர்க் கடிகாரம்? இறங்கிய பிறகு எவ்வளவு? அன்றைக்குக் கேட்டிருந்தால், முந்தின நாள் சாயங்காலமே கிளம்பியிருப்பேன்.