எண்ணெய் ஈர்க்காத கூந்தலுக்கு எளிய பராமரிப்பு
சிலரது கூந்தல் தண்ணீரில் எளிதில் நனைவதில்லை. தடவிய எண்ணெயும் மேலேயே பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். முடியின் மேலுறைச் செதில்கள் நெருக்கமாக மூடியிருப்பதே காரணம், இது நோயன்று.

இத்தகைய கூந்தலுக்குக் கெட்டியான விளக்கெண்ணெய் ஏற்றதன்று. வீட்டில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வடித்த எண்ணெயே போதும்; அதிலுள்ள லாரிக் அமிலம் முடியினுள் புகவல்லது. நீர் முற்றும் வற்றியபின் இறக்கி, ஆறியதும் வடிகட்டி, ஈரமற்ற புட்டியில் வையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் விரைவில் கெட்டுவிடும்.

தசரா நாள்களில் நம் குலசேகரன்பட்டினக் கடலில் நீராடியோர், முதலில் நன்னீரில் உப்பை அலசிவிட வேண்டும். பின்னர், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தலையில் 5 நிமிடம் சுற்றி வைத்து, ஈரம் இருக்கும்போதே 4 அல்லது 5 சொட்டு எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். 1 மணி நேரத்தில் அலசிவிடலாம்.

பொடுகு, புண், தையல் உள்ளோரும் ஆக்சிஜன் பெறும் நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் எண்ணெய் பூசலாகாது. கடுங்காய்ச்சல் நீங்கிய 2, 3 மாதங்களில் முடி கொட்டுவது உண்டு. பெரும்பாலும் தானே வளரும். அதற்காக எண்ணெயைக் கூட்ட வேண்டா. வட்டமாகச் சொட்டை விழுந்தால் மருத்துவரை அணுகுங்கள்.