கும்பகோணத்தை ஐந்து முறை இரட்டித்தால்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கும்பகோணம் நகராட்சியில் சுமார் 1.4 லட்சம் பேர் இருந்தார்கள். அன்றைய சென்னை மாவட்டத்தில் 46.5 லட்சம் பேர். கும்பகோணத்தை இரட்டித்து, வந்ததை மறுபடி இரட்டித்து, இப்படி ஐந்து முறை செய்தால் ஏறக்குறைய சென்னை வந்துவிடும். ஊரிலேயே இருந்துவிடலாமா, மயிலாப்பூர் பக்கம் வீடு பார்க்கலாமா என்று எத்தனையோ வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற பேச்சு, அடிப்படையில் இந்த ஐந்து இரட்டிப்புகளைப் பற்றியதுதான்.

லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகிய இடங்களின் நகரக் கணக்குகளை அடுக்கிப் பார்த்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள்தொகை இரண்டு மடங்கானால் ஊரின் மொத்தச் சம்பளம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை; ஏறத்தாழ 2.17 மடங்காகிறது. தலைக்குப் பார்த்தால் ஒவ்வோர் இரட்டிப்பிலும் சுமார் 9 சதவீதம் கூடுதல். சாலை, மின்கம்பி, பெட்ரோல் பங்க் போன்றவை எதிர்த்திசையில் போகின்றன. ஒவ்வோர் இரட்டிப்பிலும் தலைக்குச் சுமார் 10 சதவீதம் குறைவாகவே தேவைப்படுகின்றன. ஐந்து முறை இரட்டித்தால் 100 ரூபாய்ச் சம்பளம் சுமார் 152 ரூபாயாகும். ஆளுக்கு 100 மீட்டர் கம்பி வேண்டியிருந்த இடத்தில் 60 மீட்டர் போதும். நம்மூர்கள் இந்தக் கோட்டின்மேல் அச்சாக உட்காரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெவ்வேறு வரலாறும் ஆட்சியும் கொண்ட நாடுகளில், யாரும் திட்டமிடாமலே இப்படியொரு ஒழுங்கு விழுகிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

காரணம் மனிதர்கள் சந்திப்பதில் இருக்கிறது. 1.4 லட்சம் பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 980 கோடி ஜோடிகள் வரும். சென்னையில் ஆட்கள் 33 மடங்குதான், ஜோடிகளோ 1,100 மடங்கு. அத்தனை பேரும் சந்திக்கப்போவதில்லை. ஒருவர் ஒரு நாளில் அலையக்கூடிய நேரத்துக்கு வரம்பு உண்டு. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் அதைச் சராசரியாக ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டார். நடந்து போன காலத்திலும் சரி, ரயிலேறிப் போகும் காலத்திலும் சரி, மாறியது தூரம்தான். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நகரத்துக்குள் வந்துவிட்டது இந்தக் கணக்கால்தான்.

மயிலாப்பூரில் மிருதங்கம் பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் சற்று உட்கார்ந்து பார்த்தால் எண்கள் என்ன செய்கின்றன என்பது புரியும். பலாக்கட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வலப்பக்கத் தோலான வலந்தலைக்குக் கரணை என்ற கரும்பூச்சைப் போடுவார்கள். இரும்புச்சத்துள்ள கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, வழவழப்பான கல்லால் காயும்வரை தேய்த்து, அதன்மேல் அடுத்த படலம். கரணை முழுக்க மயிரிழை வெடிப்புகள் ஓடும். நாதம் அதைப் பொறுத்தது. பல வருஷம் கை பழகினால்தான் வருகிற வேலை இது. கணக்குக்காக, 10,000 பேரில் ஒருவர் மிருதங்கம் வாசிக்கிறார், ஆண்டுக்கு நான்கு தடவை வாத்தியத்தை வேலைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1.4 லட்சம் பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு 56 வேலை வரும். அதை நம்பி ஒரு குடும்பம் அடுப்பு மூட்ட முடியாது. சென்னையில் 1,850-க்கு மேல் வரும். பல குடும்பங்கள் பிழைக்கலாம். ஒருவர் தோலுக்கும் இன்னொருவர் கட்டைக்கும் என்று பிரித்துக்கொண்டு அவரவர் வேலையில் நுணுக்கம் காட்டலாம். சந்தை எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குத்தான் வேலை பிரியும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியது இதைத்தான். தஞ்சை வட்டாரம் போல வெளியூர் வாத்தியங்களும் தேடி வருகிற இடங்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாண்டி நிற்கும்.

அபூர்வமான தேவை எதுவானாலும் இதே கதைதான். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எப்போதாவது வரும் புற்றுநோய் வகை ஒன்றை அடிக்கடி பார்த்துப் பழகிய மருத்துவர் உருவாக, மிகப் பெரிய நிலப்பரப்பிலிருந்து நோயாளிகள் ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும். கணிதமேதை ராமானுஜனுக்கு வேண்டியிருந்தது அதைவிட அபூர்வம்: தன் நோட்டுப்புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள். கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1910-இல் திருக்கோவிலூர் போய் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமஸ்வாமி ஐயரைப் பார்த்தார். அங்கிருந்து அறிமுகக் கடிதங்களோடு சென்னை. 1911-இல் முதல் கட்டுரை, 1912-இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம். மேதைமை கும்பகோணத்திலேயே இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்களிடம் போய்ச் சேரும் வழி சென்னையில் இருந்தது.

அப்படியானால் எல்லோரும் ஏன் மூட்டை கட்டவில்லை? அந்த 152 ரூபாயில் பெரும் பங்கை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். சென்னையில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் நிலம் பாதிதான். கும்பகோணத்தின் மையத்திலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 314 சதுர கிலோமீட்டரும் தரை. மயிலாப்பூர் மாடவீதியை மையமாக வைத்துப் போட்டால் ஏறக்குறைய பாதி கடலில் விழும். மிஞ்சிய தரையிலும் அடையாறு ஆறு, கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. இவற்றில் ஒரு சென்ட் நிலம்கூட இனி வீட்டுமனையாகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உண்டானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்துவிடுகிறது.

வாடகையோடு இன்னொன்றும் கூடுகிறது. புதிய யோசனையைக் கடத்துகிற அதே சந்திப்பு காய்ச்சலையும் கடத்தும். பெட்டன்கோர்ட் குழுவின் கணக்கில் குற்றமும் தொற்றுநோயும் சம்பளத்தைப் போலவே ஆள்தொகையை மிஞ்சி வளர்ந்தன. பகலெல்லாம் சூட்டைக் குடித்த கான்கிரீட் இரவில் அதைக் கக்குவதால் தி.நகரின் உள்தெருக்களில் தூக்கமும் கெடுகிறது.

பொருளியலாளர் ஜெனிஃபர் ரோபாக் 1982-இல் இதையெல்லாம் ஒரே தராசில் வைத்துக் காட்டினார். ஓர் ஊரில் சம்பளம், வாடகை, வாழ்வின் சுகம் மூன்றும் சேர்ந்து இன்னோர் ஊரைவிட மேலாக இருந்தால் ஆட்கள் அங்கே குடிபெயர்வார்கள். அதனால் வாடகை ஏறும். மிச்சம் கரையும்வரை ஏறும். ஆகவே சராசரி ஆளுக்குப் பெருநகரமும் சிற்றூரும் ஏறத்தாழ ஒரே விலைதான். ராத்திரிப் பேச்சு முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் குடும்பத்தின் குழப்பம் இல்லை. சந்தை முன்னாலேயே தராசைச் சமன் செய்துவிட்டது. நீங்கள் எந்த இடத்தில் சராசரியிலிருந்து விலகுகிறீர்கள் என்று பார்த்தால்தான் முள் அசையும். ஓய்வூதியம் வாங்குகிறவர் அடையாறில் வாடகைக்கு இருந்தால், மற்றவர்களின் சம்பளத்தால் ஏறிய வாடகையைக் கட்டுகிறார். அந்தச் சம்பளம் அவருக்கு வருவதில்லை. வாரந்தோறும் சிறப்பு மருத்துவரைப் பார்த்தாக வேண்டியவருக்கு அதே வாடகை மலிவு. தாத்தா காலத்து வீடு மயிலாப்பூரில் உள்ளவருக்குக் கணக்கே வேறு.

எப்போதாவது தேவைப்படுவதைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம். வில்லியம் அலோன்சோ 1973-இல் இதற்குக் ‘கடன் வாங்கிய பருமன்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். பெருநகரின் அருகில் உள்ள சிற்றூர் அதன் வசதிகளை வாடகை கட்டாமல் அனுபவிப்பதைச் சொன்னார். செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் அப்படித்தான் வாழ்கின்றன. நம் இரவுப் பேருந்துகளால் கும்பகோணம்கூட அந்த வட்டத்துக்குள் வருகிறது. கல்யாணப் புடவைக்கு உஸ்மான் ரோடு, மார்கழியில் பத்து நாள் சபா சபாவாகக் கச்சேரி, ஆண்டுக்கொரு கண் பரிசோதனை. இவ்வளவுக்காகப் பன்னிரண்டு மாத வாடகை கட்ட வேண்டியதில்லை.

கடன் வாங்க முடியாதது பக்கத்தில் இருந்து பழகும் தொழில்நுணுக்கம். கரணை போடுகிறவர் எந்தப் பதத்தில் கையை நிறுத்துகிறார் என்பதை மார்கழியில் வந்து எட்டிப் பார்த்துக் கற்க முடியாது. மென்பொருள் எழுதுகிறவருக்கும் வழக்கறிஞரின் ஜூனியருக்கும் இது பொருந்தும். ஹோர்ஹே தெ லா ரோக்கா, தியேகோ புகா இருவரும் ஸ்பெயின் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். மாட்ரிட், பார்சிலோனாவில் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டும் சிற்றூரில் செய்த ஓர் ஆண்டைவிடச் சம்பளத்தை அதிகம் உயர்த்தியது. அவர்கள் பிறகு சிறிய ஊருக்குப் போனபோதும் அந்த உயர்வில் பெரும்பகுதி கூடவே போனது. இருபத்தைந்து வயதில் மயிலாப்பூரில் அறை எடுக்கும் பிள்ளை, முப்பத்தைந்தில் காவிரிக் கரைக்கே திரும்பினாலும், அவன் கட்டிய வாடகைக்கு வாங்கிய சரக்கு கையில் இருக்கும்.