அது நான் எழுதின கதை!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி வரும். 2017-லிருந்து தமிழ்நாடு தினமும் ராத்திரி எட்டிப் பார்க்கிற பிக் பாஸ் வீடு அந்த வளாகத்துக்குள்தான் முளைத்தது. அந்த வீட்டுக்கு ஒரு பழைய வில்லங்கம் உண்டு.

பிக் பாஸின் தாய் நிகழ்ச்சி ‘பிக் பிரதர்’. 1999-ல் நெதர்லாந்தில் ஜான் டி மோலின் எண்டமோல் நிறுவனம் ஆரம்பித்தது. அதற்கு முன்பே சார்லி பார்சன்ஸ் என்கிற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ‘சர்வைவ்’ என்று ஒரு நிகழ்ச்சியை யோசித்து வைத்திருந்தார். ஆளில்லாத தீவு, அதில் கொஞ்சம் பேர், விடாமல் துரத்தும் கேமரா, ஒருவரை ஒருவர் ஓட்டுப் போட்டு வெளியேற்றுவது. 1997-ல் அது ஸ்வீடனில் ஒளிபரப்பாகவும் செய்தது. தீவுக்குப் பதில் வீடு, மற்றபடி எல்லாம் எங்கள் சரக்கு என்று பார்சன்ஸ் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பு சொன்னது: பல அம்சங்களைக் குறிப்பிட்ட விதத்தில் கோத்து உருவாக்கிய நிகழ்ச்சி வடிவத்துக்குக் காப்புரிமை உண்டு, ஆனால் அந்தக் கோவையை பிக் பிரதர் எடுத்தாளவில்லை. பார்சன்ஸ் தோற்றார். அவர் யோசித்த நிகழ்ச்சி ‘சர்வைவர்’ என்ற பெயரில் 2021-ல் அர்ஜுன் தொகுத்து வழங்க ஜீ தமிழுக்கும் வந்தது. இரண்டையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வக்கீல் படையோடு போனவர் கதையே இது என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து நோட்டில் கதை எழுதுகிறவர் எந்த மூலைக்கு? ‘இந்த சீரியல் என் கதைப்பா’ என்கிற மனிதர் ஆவடியிலும் உண்டு, அண்ணா நகரிலும் உண்டு. அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்காது. வாரம் ஐந்தாறு எபிசோட் தள்ள வேண்டிய சீரியல்காரர்கள் தொலைந்த பிள்ளை, மறைத்த முதல் கல்யாணம், சொத்துக்காக நடக்கும் சதி என்று எல்லோரும் இறைக்கிற அதே கிணற்றில்தான் இறைக்கிறார்கள். ஒரு கதையைப் பத்து வருஷம் மனசில் சுமந்தவருக்கு அதன் சாயல் எங்கே தெரிந்தாலும் பகீர் என்கிறது.

ஆனால் சில சமயம் அந்தப் பகீரில் நியாயம் இருக்கிறது. இந்தியக் கோர்ட்டுகள் இன்றும் எடுத்துப் புரட்டுகிற ஆர்.ஜி. ஆனந்த் வழக்கையே பாருங்கள். டெல்லிக்காரரான ஆனந்த் 1953-ல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பத்துப் பையன், மதராஸிக் குடும்பத்துப் பெண், நடுவில் மாகாண வெறி. நாடகம் நன்றாக ஓடியது. டைரக்டர் மோகன் சேகல் டெல்லிக்கு வந்து, ஆனந்த் வாயால் முழு நாடகத்தையும் கேட்டுவிட்டுப் போனார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. 1956-ல் சேகலின் ‘நியூ டெல்லி’ வெளியானது. கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், வைஜெயந்திமாலா தமிழ்ப் பெண்!

1978-ல்தான் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. யோசனைக்கும் கருவுக்கும் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. படத்தில் வாடகை வீட்டுப் பிரச்னை, வரதட்சணை என்று வேறு சங்கதிகளும் இருக்கின்றன என்று ஆனந்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது நீதிபதி பாதக் தனியாக எழுதிய குறிப்பு. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால்தான் ஒத்துக்கொள்கிறேன், நானே புதிதாகப் பார்த்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கக்கூடும் என்ற தொனியில் எழுதினார். தோற்றவருக்கு அதைவிட எரிச்சலான ஆறுதல் இருக்க முடியாது.

கோடம்பாக்க பாஷையில் சொன்னால், ‘ஒன்லைன்’ யாருக்கும் சொந்தமில்லை. நம் ஊர் எழுத்தாளர்கள் பெரும்பாலும் போய்ச் சொல்வதோ அந்த ஒன்லைனைத்தான்; அதுவும் வாய்வழியாக. ‘கத்தி’ (2014) தன் கதை என்று மீஞ்சூர் கோபி குரல் கொடுத்தார். படம் அவர் பெயர் இல்லாமலே ஓடியது. (அவர்தான் கோபி நயினாராக 2017-ல் ‘அறம்’ எடுத்தவர்.) ‘சர்கார்’ விவகாரம் வேறு மாதிரி முடிந்தது. வருண் ராஜேந்திரன் தன் ‘செங்கோல்’ கதையை 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். படத்தின் டைரக்டர் ஏ.ஆர். முருகதாஸ் மறுத்தார்; கள்ள ஓட்டு என்கிற ஒரு புள்ளிதான் ஒற்றுமை என்றார். சங்கத் தலைவர் பாக்யராஜ் இரண்டு கதைகளும் ஒத்துப்போகின்றன என்றார். 2018 தீபாவளிக்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, வருண் பெயர் திரையில் வந்தது. தேதியோடு ஒரு காகிதம் இருந்ததுதான் வித்தியாசம்.

டி.வி.யிலும் ஜெயித்தவர் உண்டு. நிஜ மனிதர்களை வைத்து ‘சுயம்வரம்’ நடத்தும் நிகழ்ச்சியை அனில் குப்தா எழுத்தில் விரிவாக்கி, ரகசியம் என்ற நம்பிக்கையில் சோனி தரப்பிடம் கொடுத்திருந்தார். அதே பாணி நிகழ்ச்சி அவர்களிடமிருந்து வரப்போகிறது என்று தெரிந்ததும் வழக்குப் போட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் 2002-ல் இடைக்காலத் தடை கொடுத்தது. வெறும் யோசனை என்று ஒதுக்காமல், நம்பிக்கையோடு ஒப்படைத்த, உருவம் பெற்ற சரக்கு என்று பார்த்தது.

கதையை எழுதி முடித்த நிமிஷமே காப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் சண்டை என்று வந்தால் பதிவுச் சான்று கை கொடுக்கும். தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை நம்பிக் கோர்ட்டு ஏற வேண்டாம். கதை சொல்லிவிட்டு வந்த அன்று ராத்திரியே, ‘இன்று உங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம்’ என்று நாலு பக்கம் மெயில் தட்டிவிடுவது எவ்வளவோ மேல். சில கம்பெனிகள் கதை கேட்கும் முன்பே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கின்றன. இதே மாதிரி கதை எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், பின்னால் உரிமை கோரக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். காபி வருவதற்குள் அதைப் படித்துவிடுங்கள்.